வெல்லம் சாப்பிடவில்லை

1

ஒரு பாம்பைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன் என்று கேள்விப்பட்டால் தாம்பரம் பக்கம் அஸ்தினாபுரத்தில் என்னோடு படித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக்கும் ஒன்று வரட்டும், அப்போது தெரியும்.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து இறங்கியது ஒரு நவம்பர் மாதம். வருடா வருடம் அந்தத் தேதியில் என் மனைவி சுமதி ரவாகேசரி கிளறுவாள். நான், அவள், மகள் நிவேதா மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே முதல் வருடத்துக் கஷ்டங்களைப் பேசிச் சிரிப்போம். நிவிக்கு இப்போது பதினாறு வயது. சில வருடங்களாக அவள் சிரிப்பதில்லை, கேசரியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள். இந்த வருடம் அதே தேதியில்தான் பாம்பு வந்தது. கேசரி அடுப்பிலேயே ஆறிப்போனது.

கார்ன் ஸ்னேக் என்று ஒரு வகை. விஷம் கிடையாது, கடிக்கவும் கடிக்காதாம். அமெரிக்கச் சோளக்களஞ்சியங்களில் எலி பிடித்துத் திரிந்த இனம். ஆரஞ்சும் பழுப்புமாக, நம்மூர் அச்சுவெல்லத்தைத் தண்ணீரில் நனைத்த மாதிரி ஒரு நிறம். நிவி அடம்பிடித்ததால், பக்கத்து ஊரில் பாம்பு வளர்த்து விற்கும் ஒரு தாடிக்காரரிடம் வாங்கினோம். துணிப்பையில் போட்டு நிவியின் கையில் கொடுப்பதற்கு முன் அவர் சொன்ன அறிவுரை, என் விசா நேர்காணலைவிட நீளமாக இருந்தது.

புது இடம் என்பதால் பயந்திருக்கும். ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது. கண்ணாடித் தொட்டிக்கு அருகே நின்று உற்றுப் பார்க்கக்கூடாது. ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. தொட்டிக்கு அடியில் ஒரு பாதியில் சூடேற்றும் பாய் போட வேண்டும். சூடு இல்லாவிட்டால் அதற்குப் பசிக்காது, சாப்பிட்டாலும் செரிக்காது. சாப்பிடவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், அதுவாக வரும் வரை பொறுத்திருங்கள்.

நிவி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இந்த ஊருக்கு வந்தபோது, பயந்திருப்பான், ஒரு வாரம் தொந்தரவு பண்ணாதீர்கள் என்று யாராவது சொன்னார்களா? வங்கிக் கணக்கு இல்லாமல் வீடு தர மாட்டோம் என்றான் ஒருவன். வீட்டு முகவரி இல்லாமல் கணக்கு திறக்க மாட்டோம் என்றாள் இன்னொருத்தி. சிறுசேரியில் ஏசி அறையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இங்கே கையில் டோக்கனோடு பனியில் நின்றேன். ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்திருந்தால் நிச்சயமாக ஒளிந்துகொண்டிருப்பேன்.

2

பாம்பு வளர்க்க வீட்டுக்காரம்மாவின் அனுமதி வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேட்டோம். மனதுக்குள் எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது, அந்த அம்மாள் நிச்சயம் மறுத்துவிடுவார் என்று. ஏனென்றால் என் கிரைண்டரை அவர் படுத்திய பாடு எனக்குத் தெரியும். தாம்பரம் கடைத்தெருவில் வாங்கி, பெட்டிக்குள் துணிகளைக் குறைத்துக் கல்லைத் திணித்துக்கொண்டு வந்த கிரைண்டர் அது. சுவர் அதிர்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டாதே, மதியம் ஓட்டாதே, சாயங்காலம் ஓட்டாதே என்று கடிதம் மேல் கடிதம் வந்தது. கடைசியில் வெள்ளிக்கிழமைகளில், நான் ஆபீஸ் விட்டு வந்ததும், கீழே தடித்த மெத்தை விரித்து ஓட்டலாம் என்று தீர்ப்பானது.

பாம்புக்கு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சத்தம் போடுமா? போடாது என்றாள் நிவி. அன்று மாலையே அனுமதி வந்துவிட்டது, கூடவே வாழ்த்தும்.

"பாருடி, வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு எல்லாம் நடக்குது," என்றேன் சுமதியிடம்.

"அது வாயைத் திறக்கலையே. அதான்," என்றாள் அவள்.

எலி வாங்கக் கடைக்கு என்னைத்தான் கூட்டிப்போனாள் நிவி, காரை ஓட்ட ஆள் வேண்டுமே. உறைய வைத்த சுண்டெலிகளைப் பையில் போட்டு விற்கிறார்கள். புதுப் பாம்பு, இன்னும் எதுவும் சாப்பிடவில்லை, எந்த அளவு எலி சரியாக இருக்கும் என்று கேட்க நினைத்தேன். என் ஜெர்மனில் அது, நான் எலி சாப்பிடுவதில்லை என்று வெளியே வந்தது. கவுண்டரில் இருந்த பெண் சிரிக்காமல், தானும் சாப்பிடுவதில்லை என்றாள். நிவி என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி மீன் தொட்டிகளின் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

வீட்டில் சுமதி ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடினாள். "என் தேங்காய்ப்பூ பக்கத்துல எலியா? அய்யய்யே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" தேங்காய்ப்பூ மேல்தட்டுக்குப் போனது. எலிகள் அடித்தட்டில், மூன்று பைகளுக்குள். சாப்பாட்டு அறையில் நீளமான மர அலமாரியின் மேல் தொட்டி உட்கார்ந்தது, நிவியின் அறையில் இடம் போதவில்லை என்பதால்.

3

பாம்புக்குப் பெயர் வைத்தது என் தம்பி.

பாஸ்கர் தாம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். அஸ்தினாபுரத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பள்ளிக்கரணையில், சதுப்புநிலம் ஜன்னலில் தெரியும் ஒரு பிளாட்டில் மனைவி கலாவோடு இருக்கிறான். குழந்தை இல்லை. நிவி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டை விட்டு வர மாட்டாள்.

"எல்லோ கலர்லயும் இல்ல, பிரவுனும் இல்லயே. வெல்லம் கலர்ல கீது பாரு," என்றானாம் வீடியோவில். விளையாட்டுக்கு அவன் அப்படி மெட்ராஸ் பாஷை பேசுவான். அவ்வளவுதான், வெல்லம் என்று பெயர் நிலைத்துவிட்டது. வெல்லம் நிறம் என்று நானும்தான் நினைத்தேன். என்னை யார் கேட்டார்கள்?

என் வயிற்றெரிச்சலை இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தமிழில் கேட்டால் என் மகள் ஜெர்மனில் ஒற்றை வார்த்தை பதில் சொல்வாள். ஆமாம், இல்லை, அப்புறம். அவளுடைய சித்தப்பாவிடம் மட்டும் தமிழில் பேசுகிறாள், தப்பும் தவறுமாக, ஆனால் மணிக்கணக்காக. சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். "சித்தப்பா, அது நாக்கு நாக்கா வெளில போடுது." அந்தப் பக்கம் பாஸ்கர், "அப்டியா? உன்ன மோப்பம் பாக்குதுமா, நீ நல்லவளா கெட்டவளான்னு." என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் முதலில் வாக்கியத்தைத் திருத்தியிருப்பேன். அது எனக்கே தெரியும். ஆனாலும் எரிகிறது.

இதில் இன்னொரு கொடுமை. பல வருடம் முன்னால் ஒரு மழைக்காலத்தில் அஸ்தினாபுரம் வீட்டுக்குள் தண்ணீர்ப் பாம்பு ஒன்று வந்துவிட்டது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், அது பாவம் எங்கே போகும்? சிறுசேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக டைனிங் டேபிள் மேல் ஏறி நின்றுவிட்டேன். பாஸ்கர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதை மூடிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டான். அந்தக் கதையை அவன் நிவிக்கு நடித்தே காட்டுகிறான். அதில் இப்போதெல்லாம் நான் டைனிங் டேபிள் மேல் இல்லை, ஃப்ரிட்ஜ் மேல் ஏறிவிட்டேன். சுவருக்கு அப்பால் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை நாளாகிறது தெரியுமா? அதுவும் என்னைப் பற்றிய சிரிப்பு, அதையும் அவன்தான் வாங்கிக்கொள்கிறான்.

4

ஒரு வாரம் கழித்து சனிக்கிழமை சாயங்காலம் நிவி முதல் எலியைக் கொடுத்தாள். வெந்நீரில் நனைத்து வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து ஆட்டினாள். வெல்லம் தன் மரப்பட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை. உள்ளேயே வைத்துவிட்டு வந்தாள். காலையில் எலி அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. நிவிக்கு முகம் செத்துவிட்டது. அவளும் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். தாடிக்காரருக்கு போன் பண்ணினாள். சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, பாயின் சிவப்பு விளக்கு எரிகிறது என்றாள். சரி, இன்னும் ஒரு முறை பாருங்கள், அப்போதும் சாப்பிடாவிட்டால் என்னிடமே கொண்டுவந்துவிடுங்கள், சின்னப் பாம்பு, அதற்கு மேல் தாங்காது என்றார்.

வெளியே நான் உச்சுக் கொட்டினேன். உள்ளே ஒருவன் கையைத் தட்டினான். போகட்டும், சாப்பாட்டு அறை பழையபடி நமக்கு வந்துவிடும், அவளும் தொட்டியைக் காட்டிக் காட்டிச் சித்தப்பாவோடு பேச வேண்டியிருக்காது. பெற்ற மகள் அழுதுகொண்டிருக்கும்போது நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன்.

அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்தது ஒரே ஒரு விஷயம், இட்லி. இங்கே குளிர்காலத்தில் மாவு புளிக்காது. போர்வை சுற்றி வைத்தாலும் சரி, ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலும் சரி, அது பாட்டுக்குக் கல் மாதிரி கிடக்கும். மின்கட்டணத்துக்குப் பயந்து நாங்கள் வீட்டையே ஸ்வெட்டரோடு வாழும் குளிரில்தான் வைத்திருக்கிறோம். பாம்பு வந்த வாரம் வெள்ளிக்கிழமை மாவரைத்துவிட்டு, பாத்திரத்தை எங்கே வைப்பது என்று நான் சுற்றிச் சுற்றி வந்தபோது தொட்டிக்கு அடியில் கை பட்டது. ஆகா, என்ன கதகதப்பு! வைகாசி மாதத்து அஸ்தினாபுரம் அடுக்களை மேடை. பாயில் பாதியை வெளியே இழுத்து, அதன் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து, டவலால் சுற்றினேன். பாதிதானே, அதற்குப் பாதி போதாதா? காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது.

"குரோம்பேட்டை ஓட்டல் இட்லி மாதிரி இருக்குங்க," என்றாள் சுமதி. இந்த நாட்டுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பாய் அங்கேயே தங்கிவிட்டது. ஒரு பாத்திரம் காலியானால் அடுத்தது ஏறும்.

நிவி அதைப் பார்க்காமலா இருந்தாள்? பார்த்திருப்பாள். ஆனால் டவல் சுற்றிய பாத்திரம் எங்கள் வீட்டில் எங்கேயாவது ஒரு மூலையில் இருந்துகொண்டேதான் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற பொருளை யார் பார்க்கிறார்கள்?

5

பாஸ்கர் பார்த்தான்.

இரண்டாவது முறையும் சாப்பிடாமல் போன மறுநாள். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி படிப்பதுபோல் இருந்தேன். நிவி போனைப் பிடித்தபடி தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள்.

"சித்தப்பா, எல்லாம் கரெக்டா இருக்கு. தண்ணி இருக்கு, வீடு ரெண்டு இருக்கு. ஏன் சாப்பிடல?"

"எனக்குப் பாம்ப பத்தி என்னம்மா தெரியும். நில்லு, நில்லு. கொஞ்சம் பின்னாடி போ. அந்த டவல் சுத்தி வச்சிருக்கே, அது என்ன?"

"அதுவா? மாவு."

"மாவு பாத்திரம் எதுக்கு பாம்பு பக்கத்துல?" நான் செய்தியில் இன்னும் குனிந்துகொண்டேன். "நிவிமா, அந்தப் பாத்திரத்துக்கு அடியில கைய வச்சுப் பாரு."

வைத்தாள். "சூடு."

"இப்ப பாம்பு இருக்குற எடத்துக்கு அடியில வை."

வைத்தாள். கையை எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் பாஸ்கர் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அண்ணா! எங்க இருக்க? வா இங்க! பாம்போட அடுப்புல இட்லிக்கு மாவு புளிக்க வச்சிருக்கியே, உன்ன என்னதான்ணா பண்றது!" பின்னால் கலா சிரிக்கும் சத்தமும் கேட்டது. உலகத்தில் எந்தப் பாம்பு மருத்துவரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். ஒரே அடுக்களையில் வளர்ந்தவன் கண்டுபிடித்துவிட்டான்.

நிவி சிரிக்கவில்லை. போனை வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு வெல்லம் மேல பொறாமை, அப்பா. முதல் நாள்லேர்ந்து. அது உங்கள என்ன பண்ணிச்சு? அதுக்கு வாய் இல்ல. குளிருதுன்னு சொல்லாது. நான் அழுதேன், நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க. பாதிதான் எடுத்தேன்னு சொல்லி என்ன பேஜார் பண்ணாதீங்க. சித்தப்பா அவ்ளோ தூரத்துலேர்ந்து பாத்துட்டார். நீங்க இங்கயே இருக்கீங்க, நீங்க பாக்கவே இல்ல."

குற்றம் என்னுடையது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் மகள் என்னிடம் இத்தனை வாக்கியம் தமிழில் பேசி வருடங்கள் ஆகின்றன. திட்டு திட்டு, இன்னும் கொஞ்சம் திட்டு என்று நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் ஒன்று சுருக்கென்று தைத்தது. பேஜார் என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது. அதை அவள் பாஸ்கரிடம் பொறுக்கியிருக்கிறாள். என்னைத் திட்டுவதற்கான தமிழையும் அவன்தான் கொடுத்திருக்கிறான்.

"தெரியாம பண்ணிட்டேன்மா," என்றேன்.

"தெரிஞ்சுதான் பண்ணீங்க," என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

6

பாய் தன் இடத்துக்குப் போனது. ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவு உள்ளே வைக்கப்பட்டது, அங்கே அது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிடந்தது. அந்த வாரம் முழுக்கத் உப்பாத தட்டை இட்லிதான். சுமதி அதைக் குறை சொல்லவில்லை, மாவு பொங்கியபோது பாராட்டியவள் நீதானே என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு.

நிவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஜெர்மனில்கூட ஆமாம் இல்லை கிடையாது. நான் தொட்டியைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். டிவியில் சத்தத்தைக் குறைத்தேன். பக்கத்தில் போய் எட்டிப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாம்பு சாப்பிட வேண்டும் என்று தெய்வத்தை வேண்டினேன். சாப்பிடாமல் அது திரும்பிப் போனால், பாம்பு மட்டும் போகாது. அப்பாவால்தான் போயிற்று என்பது இவள் எனக்குப் பேரப்பிள்ளை பெற்றுக் கொடுத்த பிறகும் இந்த வீட்டில் இருக்கும்.

சனிக்கிழமை நாலரைக்கே இருட்டிவிட்டது. நிவி எலியை வெந்நீரில் போட்டுவிட்டு நின்றிருந்தாள். நான் அடுக்களையில், இல்லாத பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அப்பா."

திரும்பினேன்.

"வேணும்னா வந்து உக்காருங்க. பேசக்கூடாது."

தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சின்ன விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைத்திருந்தாள். இடுக்கி உள்ளே போனது. மரப்பட்டைக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை. எனக்கு இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டேன். பிறகு நாக்கு தெரிந்தது. பின்னால் தலை. நின்றது. என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், உற்றுப் பார்க்கக்கூடாது அல்லவா. படக்கென்று ஒரு அசைவு. நிமிர்ந்து பார்த்தால் எலி வெல்லத்தின் வாயில் இருந்தது, உடம்பு அதைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

நிவி என் கையைப் பிடித்தாள். நகம் பதியும்படி இறுக்கிப் பிடித்தாள். எலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியில் வாலும் போய், கழுத்துக்குக் கீழே ஒரு புடைப்பு நகர்ந்துபோகும் வரை அந்தக் கையை விடவில்லை.

அவள் போன் அதிர்ந்தது. பாஸ்கர். பாம்பின் சாப்பாட்டு நேரம் தெரிந்து காத்திருந்திருக்கிறான். நிவி தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் போனை என் பக்கம் தள்ளினாள். "நீங்க சொல்லுங்கப்பா," என்றாள் கிசுகிசுப்பாக.

எழுந்து கதவருகே போய் எடுத்தேன். திரையில் இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தார்கள்.

"சாப்ட்டுச்சா?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன்! ஒரே வார்த்தையில் சொல்லிவிட மனம் வரவில்லை. நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். நாக்கு வந்ததை, தலை வந்ததை, பாய்ந்ததை, சுற்றியதை. நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன் என்று ஒவ்வொரு வரியிலும் வைத்துச் சொன்னேன். அவனுக்குக் கொஞ்சம் எரியட்டுமே.

"புள்ள சந்தோஷமா இருக்காளா?" என்று கேட்டான்.

"என் கையப் புடிச்சுக்கிட்டே பாத்தாடா. இங்க பாரு, நகம் பட்டுருக்கு." கையைத் திரையில் காட்டினேன்.

பாஸ்கர் அந்தக் கையைப் பார்த்தான். கலா திரையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டாள்.

"குடுத்து வச்சவன்ணா நீ," என்றான்.

கிண்டல் இல்லை. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இத்தனை நாளும் நான் விழுங்கிக்கொண்டிருந்த ஏக்கத்தின் அதே குரல். போனைத் திருப்பிப் பிடித்தேன். சின்ன விளக்கு வெளிச்சத்தில் நிவி முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை கலைந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தொட்டி படத்துக்குள் வரவில்லை. பாம்பு எங்கே என்று பாஸ்கர் கேட்கவில்லை.